வார்டில் பாடம் எடுக்கிறவருக்கு யார் துணை?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். புதிதாகத் தொடங்கிய ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையில் பயிற்சி தரும் மெடிக்கல் எஜுகேஷன் யூனிட்டின் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். 'வார்டில் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார்கள், சந்தேகம் கேட்கவே பயமாக இருக்கிறது' என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர்களோ 'ஓ.பி.யையும் அட்மிஷனையும் பார்த்துவிட்டு எங்கே பாடம் எடுப்பது' என்கிறார்கள். மூன்று நாள் பயிலரங்கம் நடத்தினீர்கள், எதுவும் மாறவில்லை. அடுத்து என்ன பயிற்சி கொடுக்கலாம், வருகிற புகாரை என்ன செய்வது, பயிற்சியே வேண்டாம் என்கிற மூத்த பேராசிரியரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியைப் பற்றிய கேள்விபோலத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது: ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் மாணவர்களைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? இருக்கிறது. அந்த வழி பயிலரங்கக் கூடத்திலிருந்து எழுந்து வார்டுக்குள் போகிறது.

நான் பொது மருத்துவத் துறையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் எடுக்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள் நீங்கள் இப்போது வகிக்கும் பொறுப்பில் இருந்தேன். வேலை பார்த்தது எல்லாம் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில்தான். ஆகவே நான் சொல்வதை அறுவை அரங்குக்கும் பிரசவ வார்டுக்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள். அங்கே நொடிக்கணக்கில் முடிவு எடுக்கிறார்கள், குரல் உயர்வதற்குக் காரணங்களும் வேறு. அந்தத் துறைகளில் மாணவர்கள் மதிக்கிற ஒருவரைக் கண்டுபிடித்து, அவரோடு உட்கார்ந்து பேசி, அங்கே எது பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள்.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். பயந்த மாணவன் குறைவாகக் கற்கிறான், அதைவிட முக்கியமாக, குறைவாகப் பேசுகிறான். 'எங்களை அதட்டித்தான் வளர்த்தார்கள், நாங்கள் கெட்டுப்போய்விட்டோமா' என்று உங்கள் மூத்த பேராசிரியர்கள் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். இதற்கு இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வைப் பதிலாகச் சொல்வேன், 2015-இல் வெளியானது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களுக்கு ஒரே மாதிரியான பாவனை கேஸைக் கொடுத்தார்கள். பாதிக் குழுக்களிடம், வெளிநாட்டிலிருந்து பார்க்க வந்த நிபுணர் என்ற பெயரில் ஒருவர் கொஞ்சம் மட்டமாகப் பேசினார். கத்தவில்லை, வையவில்லை, தரம் போதாது என்கிற தொனிதான். அந்தக் குழுக்களில் நோயைக் கண்டுபிடிப்பதும் மோசமானது, கையால் செய்யும் சிகிச்சையும் மோசமானது. இத்தனைக்கும் அவர்கள் மாணவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற டாக்டர்களும் நர்சுகளும். அனுபவசாலிகளுக்கே இந்தக் கதி என்றால், இரண்டாம் ஆண்டில் முதல்முறையாக ஸ்டெதஸ்கோப்போடு வார்டுக்குள் வரும் பிள்ளைக்கு என்ன ஆகும்?

எனக்கு இது ஆய்வு வழியாகத் தெரிய வரவில்லை. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த மூன்றாவது வருடம், எங்கள் யூனிட் புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் ஓர் அட்மிஷன் நாள் மாலையில், பயிற்சி மருத்துவராக (சி.ஆர்.ஆர்.ஐ.) இருந்த ஒரு பையனைத் திட்டினேன். ஏதோ ஒரு டோஸ் தெரியவில்லை என்று, 'இதுகூடத் தெரியாமல் எப்படி பாஸ் பண்ணினாய்' என்று நர்சுகள் முன்னால் கேட்டேன். அன்று இரவு இன்சுலின் டிரிப்பில் இருந்த ஒரு நோயாளியின் பொட்டாசியம் ஆபத்தாகக் குறைந்து 2.8 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பையன் பார்த்திருக்கிறான், செல்போனையும் கையில் எடுத்திருக்கிறான், ஆனால் என்னைக் கூப்பிடவில்லை. காலை ரவுண்ட்ஸில்தான் எனக்குத் தெரிந்தது. நோயாளி பிழைத்துவிட்டார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டபோது அவன் சொன்னது: 'இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்களோ என்று நினைத்தேன் சார்.' அந்த வார்த்தை நான் கொடுத்தது. மாணவர் நலனை ஆஸ்பத்திரி வேலையிலிருந்து பிரித்து, ஏதோ மென்மையான கூடுதல் விஷயம்போல யாராவது பேசினால் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும்.

எத்தனை மாணவர்கள் இப்படி உணர்கிறார்கள் என்பதற்கும் ஓரளவு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பை முடிக்கும் எல்லோரிடமும் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வித்தாளில், பல ஆண்டுகளாகப் பத்தில் நான்கு பேர் அளவுக்கு, ஏதாவது ஒரு வகையில் மோசமாக நடத்தப்பட்டதாகச் சொல்லிவருகிறார்கள். நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. ஆன்லைனில் பதில் சொன்ன 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். அவர்கள் தாங்களாக முன்வந்து பதில் எழுதியவர்கள், நாட்டின் எல்லா மாணவர்களுக்கும் அதே விகிதம் என்று சொல்ல முடியாது. அதில் எவ்வளவு வார்டு திட்டால் வந்தது, எவ்வளவு வீட்டாலும் பரீட்சையாலும் ஹாஸ்டலாலும் வந்தது என்றும் அந்த எண் பிரித்துச் சொல்லாது. டீனிடம் பேசும்போது இதை ஆயுதமாக வீசாதீர்கள். விவாதம் எண்ணைப் பற்றியதாக மாறிவிடும், உங்கள் மாணவர்கள் எழுதிக் கொடுத்த காகிதம் அடியில் போய்விடும்.

உறுதியான இன்னொரு பக்கமும் உண்டு. ஆசிரியர்கள் சொல்வது சாக்கு இல்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், ராமநாதபுரம், அரியலூர் போன்ற ஊர்களுக்கு இது பெரிய வரம்தான். ஆனால் மாவட்ட மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாக மாறும்போது நோயாளிகளின் வரிசை குறைவதில்லை, கூடுகிறது. நேற்றுவரை நோயாளிகளை மட்டும் பார்த்தவரிடம் இன்று ஒரு தொகுதி மாணவர்களையும் ஒப்படைக்கிறோம். 2019-இல் சேர்ந்த தொகுதியிலிருந்து திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்தது. கொள்கையாக எனக்கு அது முழு உடன்பாடு. ஆனால் மாணவன் கற்றதைப் பதியும் லாக்புக்கில் ஒவ்வொரு திறனுக்கும் கையெழுத்து, ஒவ்வொரு மாணவனுக்கும் பின்னூட்டம், நோயாளியோடு பேசுகிற முறைக்குத் தனி வகுப்பு என்று அது கேட்கிற நேரம் எந்த டியூட்டி அட்டவணையிலும் இல்லை. இதற்கு மேல் வருகைப் பதிவு, இன்ஸ்பெக்ஷனுக்கான கோப்புகள், வேறு இடத்துக்குத் தற்காலிகமாக அனுப்பும் டெபுடேஷன். பன்னிரண்டு மணிக்கு ஓ.பி. முடித்து, சாப்பிடாமல் கிளினிக்ஸ் (வார்டுப் பாடம்) எடுக்க வருகிறவரிடம் 'புன்னகையோடு கேள்வி கேளுங்கள்' என்று ஸ்லைடு போட்டுக் காட்டினால், அவர் நம்மை மறுபடி நம்பமாட்டார்.

அப்புறம், அவர்களில் பெரும்பாலோர் கற்பிக்க ஆசைப்பட்டுத்தான் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் ஒரு பெரிய மருத்துவமனையில் உள்மருத்துவத் துறை ஆசிரியர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. தனக்கு மிக அர்த்தமுள்ளதாகத் தோன்றும் வேலைக்கு, அது கற்பித்தலோ ஆராய்ச்சியோ நோயாளி பராமரிப்போ எதுவாக இருந்தாலும், நேரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது கிடைத்தவர்களில் 29.9 சதவீதம் பேர் வேலையால் கருகிப்போன நிலையில் இருந்தார்கள். அதுகூடக் கிடைக்காதவர்களில் அது 53.8 சதவீதம். ஒரே நிறுவனம், ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு, ஆகவே எது காரணம் எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு என்பது வாரத்தில் ஒரு நாள்தான். டீனிடம் கேட்கக்கூடிய அளவு அது.

எனவே முதல் வேலையாக நேரத்தைக் கேளுங்கள். நான் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். முதல் மூன்று ஆண்டுகள் பயிலரங்கமாக நடத்தித் தள்ளினேன். பிறகு ஒரு துறைத் தலைவரோடு உட்கார்ந்து மூன்றே மாற்றங்கள் செய்தோம். அட்மிஷன் நாளன்றும் அதற்கு மறுநாளும் அதே யூனிட் உதவிப் பேராசிரியருக்கு (ஏ.பி.) மாணவர் கிளினிக்ஸ் கிடையாது, வேறு யூனிட்காரர் எடுப்பார். கிளினிக்ஸ் நடக்கும் ஒரு மணி நேரம் அவருடைய போனை ஒரு சீனியர் ரெசிடென்ட் வைத்துக்கொள்வார், உயிர்போகிற விஷயம் என்றால் மட்டும் கூப்பிடுவார். லாக்புக் கையெழுத்தை மாதக் கடைசியில் நூற்றுக்கணக்காகப் போடாமல், அன்றைய வகுப்பு முடிந்ததும் அங்கேயே போடுவது. பைசா செலவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் அந்தத் துறையில் கிளினிக்ஸ் ரத்தாவது நன்றாகவே குறைந்தது, கூடவே மாணவர்களின் புகாரும் குறைந்தது. புகார் குறைந்ததற்கு அட்டவணைதான் காரணமா, அல்லது யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணமே காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் இருக்கலாம்.

பயிலரங்கங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றை நடத்துவது உங்கள் கடமையாகவே இருக்கும். மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. புதுச்சேரி ஜிப்மரில் 1970-களிலேயே ஆசிரியர் பயிற்சி மையம் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி.யில் ஃபைமர் மையம் பல ஆண்டுகளாக ஆசிரியர்களை இரண்டாண்டுத் திட்டத்தில் எடுத்து வளர்க்கிறது. இப்போது இணைப் பேராசிரியராகப் பதவி உயர்வு வேண்டுமென்றால் மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி கட்டாயம். ஆனால் பயிலரங்கம் போய்வந்தவர் வார்டில் மாறுகிறாரா என்பது இன்னும் ஐயத்துக்குரியது. கனடாவைச் சேர்ந்த இவோன் ஸ்டைனெர்ட்டும் அவர் குழுவும் இரண்டு முறை இந்தத் துறை ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். வந்தவர்களுக்குத் திருப்தி, அறிவு கூடியது, தாங்கள் மாறியதாகவும் சொல்கிறார்கள், இது தெளிவாக இருக்கிறது. மாணவனுக்கும் நோயாளிக்கும் என்ன மாறியது என்று அளந்த ஆய்வுகள் குறைவு. பலன் தரும் திட்டங்களில் ஒரு பொதுத் தன்மையை அவர்கள் கண்டார்கள்: செய்து பார்ப்பது, பின்னூட்டம் பெறுவது, சக ஆசிரியர்களோடு உறவு, நாள்பட நீடிப்பது. மூன்று நாளில் முடிந்து சான்றிதழோடு வீட்டுக்குப் போகும் நிகழ்ச்சியில் கடைசி இரண்டுக்கும் இடமில்லை. உங்கள் பயிலரங்கம் தோற்றதற்கு நீங்கள் நடத்திய விதம் காரணமாக இருக்கத் தேவையில்லை.

பிறகு என்ன கற்றுக்கொடுப்பது? என் அனுபவத்தில், ஓர் ஆசிரியரிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்க முடியும் என்றால், இதைக் கேட்பேன். சியாட்டிலில் குடும்ப மருத்துவம் கற்பித்த நேஹரும் அவர் நண்பர்களும் 1992-இல் எழுதிய ஐந்து படி முறை, 'ஒன் மினிட் பிரிசெப்டர்' என்று சொல்வார்கள். நேரமில்லாத ஆசிரியருக்கென்றே செய்தது. காய்ச்சலோடு ஐந்தாம் நாள் வந்த ஒரு பெண்ணைப் பற்றி மாணவி சொல்லி முடித்துவிட்டு, யூனிட் தலைவரான சீஃபின் முகத்தைப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நாம் உடனே 'பிளேட்லெட் எவ்வளவு? ஐ.ஜி.எம். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாயா? ஏன் அனுப்பவில்லை?' என்று ஆரம்பிப்போம். இந்த முறையில் முதலில் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டு நிறுத்த வேண்டும். 'டெங்கு சார்.' அடுத்து, 'எதை வைத்துச் சொல்கிறாய்?' அவள் கண் பின்னால் வலி, பிளேட்லெட் குறைவு, தெருவில் இன்னும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்கிறாள். கூடவே, 'நேற்றிலிருந்து காய்ச்சல் விட்டுவிட்டது சார், நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடலாம்' என்கிறாள். இங்கேதான் அவள் சிந்தனையில் எங்கே ஓட்டை என்று ஆசிரியருக்குத் தெரிகிறது. அவர் நேராகத் திட்டியிருந்தால் அந்த ஓட்டை வெளியே வந்தே இருக்காது. மூன்றாவதாக ஒரே ஒரு பொது விதி: டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசிவது அப்போதுதான், ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹீமடோக்ரிட் ஏறுகிறதா என்று பார். நான்காவது, சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சொல்வது: 'தெருவில் மற்றவர்களுக்கு இருக்கிறதா என்று விசாரித்தாயே, அது நல்ல மருத்துவரின் வேலை.' வெறும் 'குட்' போதாது. ஐந்தாவது திருத்தம்: 'ஆனால் காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு என்று முடிவு செய்தாய், அதை மாற்றிக்கொள். வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு இருக்கிறதா என்று இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்.' மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அவள் செய்த தவறு ஒளித்துவைக்கப்படவில்லை, பூசி மெழுகப்படவும் இல்லை. கண்டிப்பு முழுமையாக இருக்கிறது, அவமானம் மட்டும்தான் இல்லை.

இதைச் சொல்லிக்கொடுத்தால் போதாது, யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நாங்கள் ஆசிரியர்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்த்தோம். மாதத்தில் ஒரு முறை, ஒருவர் கிளினிக்ஸில் மற்றவர் இருபது நிமிடம் பின்னால் நின்று பார்ப்பார், பேசமாட்டார். பிறகு இருவரும் டீ குடிக்கப் போவார்கள். பாடம் எடுத்தவர்தான் முதலில் பேச வேண்டும், எது நன்றாகப் போனது, எது போகவில்லை என்று. பார்த்தவர் தான் எழுதிய தாளை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். நகல் எனக்கும் வராது, டீனுக்கும் போகாது, கோப்பிலும் சேராது. இந்தக் கடைசி விதியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று அந்தத் தாள்களைக் கேட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் கொடுத்தேன். கொடுத்திருந்தால் அடுத்த மாதம் ஒருவரும் உண்மையை எழுதியிருக்கமாட்டார்கள். ஏ.பி.யோடு துறைத் தலைவரைச் சேர்க்காதீர்கள், அது இன்ஸ்பெக்ஷன் ஆகிவிடும். வேறு வேறு துறைக்காரர்களைச் சேர்த்தால் இன்னும் நல்லது. குழந்தை மருத்துவர் எங்கள் வார்டுக்கு வந்தபோது, நான் கேள்வி கேட்டுவிட்டு மாணவனுக்குப் பதில் சொல்ல இரண்டு நொடிகூடக் கொடுக்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். என் துறைக்காரர்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. அவர்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திட்டுகளைப் பற்றி ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். செய்த வேலையைக் கடுமையாகச் சொல்வது ஒன்று, ஆளின் பிறப்பையும் பள்ளிக்கூடத்தையும் இழுப்பது வேறு. 'ரிசர்வேஷனில் வந்ததுதானே', 'தமிழ் மீடியமா, அதான்', 'கல்யாணம் பண்ணிக்கொண்டு போகிற பெண்ணுக்கு எதற்கு சர்ஜரி'. இவை எந்தக் களைப்பாலும் மன்னிக்கக்கூடியவை இல்லை. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் நம் வகுப்புகளுக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். கேஸ் பிரசன்டேஷனில் அவர்கள் திணறுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், மருத்துவத்தில் இல்லை. எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் வைத்தோம்: முதல் இரண்டு மாதம் யார் வேண்டுமானாலும் நோயாளியின் கதையை முதலில் தமிழில் சொல்லலாம், நோயாளி சொன்ன வார்த்தையிலேயே. 'நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னாங்க சார், எரியுதான்னு கேட்டா இல்ல, அடைக்குதுன்னாங்க.' பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், நாங்கள் வார்த்தை எடுத்துக் கொடுப்போம். ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் இது பயன்பட்டது. 'கரிக்குது', 'பிசையுது', 'வெட்டு வெட்டுனு வலிக்குது' என்று நோயாளி சொல்வதன் வித்தியாசம் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஒரு தொகுதியில், அப்பா தறி ஓட்டுகிற வீட்டிலிருந்து வந்த பெண் வகுப்புக்கே அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

புகாரை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இதில் பலர் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். எல்லாவற்றையும் விசாரணையாக்கினால் ஆசிரியர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எல்லாவற்றையும் 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்றால் மாணவர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். முதலில் வகை பிரிக்க வேண்டும். பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி அமைந்த உள் புகார்க் குழுவுக்கு. ராகிங் என்றால் 2021 விதிமுறைப்படி ராகிங் தடுப்புக் குழுவுக்கு. சாதி சொல்லி இழிவுபடுத்துவதும் சட்டத்தின் விஷயம். இவற்றில் உங்களுக்குச் சமரசம் செய்யும் அதிகாரம் இல்லை, முயலவும் கூடாது. மீதி இருப்பவை கத்துவது, மட்டம் தட்டுவது, வகுப்புக்கு வராதது, இன்டர்னல் மார்க்கை வைத்து மிரட்டுவது. இவற்றுக்கு அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹிக்சன் என்பவரும் சகாக்களும் உருவாக்கிய படிமுறை எனக்கு உதவியது. ஒரு முறை நடந்தால், சம அந்தஸ்தில் உள்ள ஒருவர் போய் ஒரு காபி நேரத்தில், 'இப்படி ஒன்று காதில் விழுந்தது, உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு வருவது. விவாதம் இல்லை, தண்டனை இல்லை. அதே ஆளிடம் அதே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த படி, அப்புறம்தான் அதிகாரம். பெரும்பாலோர் முதல் காபியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது அவர்கள் அனுபவம், என் அனுபவமும் அதுதான். பலருக்குத் தாங்கள் பேசுவது அப்படிக் கேட்கிறது என்றே தெரியாது. நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. போகிறவர் வயதில் சிறியவராக இருந்தால் வேலைக்கு ஆகாது. சீஃபிடம் இன்னொரு சீஃப்தான் போக வேண்டும். ஆகவே அப்படிப் போகத் தயாராக உள்ள இரண்டு மூன்று மூத்தவர்களை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்த பிறகு தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

புகார் எங்கே வர வேண்டும் என்பதும் முக்கியம். இன்டர்னல் மார்க் போடுகிற துறைத் தலைவர் மேசைக்கு எந்த மாணவனும் வரமாட்டான். பல்கலைக்கழகத் தேர்வு எழுதவே இன்டர்னல் மதிப்பெண் தேவைப்படும்போது யார் துணிவார்கள்? அந்த மாணவர்களுக்கு அந்த ஆண்டு மார்க் போடாத ஒருவர், உதாரணமாக இறுதியாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் ஆசிரியர், புகார்களை வாங்கட்டும். வாங்கியதும் என்ன நடந்தது என்பதை, பெயர் இல்லாமல், மாணவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். நாங்கள் முதல் ஆண்டு இதைச் செய்யத் தவறினோம். நான்கு காபிப் பேச்சுகள் நடந்து பலனும் கிடைத்திருந்தது, ஆனால் மாணவர்கள் ஒன்றுமே நடக்கவில்லை என்று முடிவு செய்து எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம். ஸ்காட்லாந்தின் டண்டீயில் 1990-களில் உருவான ட்ரீம் (DREEM) கேள்வித்தாள், கல்லூரியின் கற்கும் சூழலை மாணவர்கள் எப்படி உணர்கிறார்கள் என்று அளக்கிறது; அதில் 50 கேள்விகள், மொத்தம் 200 மதிப்பெண். நம் கல்லூரிகள் பலவற்றில் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆண்டுக்கு ஒரு முறை கொடுங்கள். மொத்த மதிப்பெண்ணைத் தூக்கிப்பிடிக்காதீர்கள், எந்தக் கேள்விகளில் மதிப்பெண் படுத்துவிட்டது என்று மட்டும் பாருங்கள். அது எங்கே வலிக்கிறது என்று காட்டும், ஏன் என்று தெரிய ஆறு ஏழு பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசத்தான் வேண்டும். ஆசிரியருக்கு மாணவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மார்க் தாராளமாகப் போடுகிறவருக்கும் பேச்சுத் திறன் உள்ளவருக்கும் அது சாய்கிறது, பெண் ஆசிரியர்களிடம் கடுமையாக நடந்துகொள்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மாணவர்கள் எழுதும் வாக்கியங்கள் உதவும். அவற்றைப் பொறுக்கி எடுத்து, வன்மமானதை நீக்கி, ஆசிரியரிடம் மட்டும் கொடுங்கள். பதவி உயர்வோடு ஒருபோதும் கட்டாதீர்கள்.

முதுநிலை மாணவர்களான பி.ஜி.க்களை உங்கள் கேள்வியில் குறிப்பிடவே இல்லை. சி.ஆர்.ஆர்.ஐ.க்கும் மாணவனுக்கும் இரவு இரண்டு மணிக்கு உண்மையில் கற்றுக்கொடுப்பவர்கள் அவர்கள்தான், மிக அதிகம் திட்டுகிறவர்களும் பல இடங்களில் அவர்களே. 1992-இன் மத்திய ரெசிடென்சி திட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்தாற்போல் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. எந்த வார்டில் அது நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முப்பது மணி நேரம் தூங்காத ஒருவரிடம் கற்பிக்கும் பண்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. முதலில் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரமும் படுக்க ஓர் அறையும் கிடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் அந்த ஐந்து படிகளை அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். பேராசிரியர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக, 'நான் முப்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன், எனக்கா சொல்லித்தருகிறாய்' என்ற அந்த மூத்த பேராசிரியரை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். எங்களிடமும் ஒருவர் இருந்தார். பயிலரங்கத்துக்கு வரவே மாட்டார். வயிற்றைத் தட்டிப் பார்த்து நீர் கட்டியிருப்பதை அவர்போலச் சொல்லக்கூடியவர் அந்தக் கல்லூரியில் வேறு யாருமில்லை. அவரை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, 'சார், உங்கள் கையை எங்கள் ஏ.பி.க்கள் பார்க்க வேண்டும், மாதம் ஒரு நாள் செய்து காட்டுவீர்களா' என்று போய்க் கேட்டேன். சம்மதித்தார். ஆசிரியர்கள் சுற்றி நிற்கும்போது அவர் ஒருவரையும் திட்டவில்லை, நான்கு முறை தவறிய ஒரு ஏ.பி.யின் விரலைப் பிடித்து இடம் மாற்றி வைத்தார். ஐந்தாவது மாதம், மாணவர்களையும் கூட்டி வரலாமா என்று கேட்டோம். 'வரட்டும், ஆனால் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருத்தனும் தட்டிப் பார்க்கணும்' என்றார். இப்போதும் சில நாள் கத்துவார். ஆனால் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடக்கும் அந்த வகுப்புக்கு, அந்த வார்டில் போஸ்டிங் இல்லாத பிள்ளைகளும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் பேராசிரியரிடமும் அப்படி ஒரு கை இருக்கும். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். தேர்வு நேரத்தில் எதையும் தொடங்காதீர்கள். புதிய போஸ்டிங் ஆரம்பிக்கும் வாரத்தில், ஒத்துழைக்கிற இரண்டே யூனிட்களோடு ஆரம்பியுங்கள்.